எத்தனை வார்த்தை என்று எண்ணுவதற்கு முன்னால்

வீட்டுக்கு வரும் உறவினர்கள் இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் பாட்டுப் பாடச் சொல்வதில்லை, திருக்குறள் கேட்பதும் குறைந்துவிட்டது. "இங்கிலீஷ்ல என்னென்ன தெரியும், சொல்லு பார்ப்போம்" என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளையும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று தொடங்கி 'இஸட் ஃபார் ஜீப்ரா' வரை மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். பெற்றோர் முகத்தில் ஒரு பெருமிதம். குழந்தைக்கு இருபத்தாறு வார்த்தை தெரியும் என்று கணக்கு முடிந்துவிடும்.

அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடங்களில் இதையே கொஞ்சம் பெரிய அளவில், படிவம் போட்டு, கையெழுத்து வாங்கிச் செய்கிறபோதும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த வருடங்களில் காவிரிக் கரைக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் மூன்று நான்கு நாள் போய் வந்தவன் நான். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசியதுதான் அந்த வேலையில் எனக்கு மிஞ்சிய சொத்து. அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலச் சொல் தெரியுமா தெரியாதா என்பதை அறிய, பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, கேட்டு, அன்றைக்கே எழுதி வைக்கும் குறிப்பு வேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகு வரட்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் தஞ்சைப் பக்கத்தில் நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. மூன்றையும் குழப்புகிறவனை ஊரில் கேலி செய்வார்கள். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் தட்டில் வெள்ளைச் சோறு இருக்கும் படத்தைக் காட்டி, இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் "சோறு" என்றாள். ஆங்கிலத்தில் சொல் என்றதும் வாயை மூடிக்கொண்டாள். 'ரைஸ் - தெரியவில்லை' என்று பதிவாகிவிட்டது. பிறகு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரைஸ்னா என்னம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "ரேஷன் கடையில வாங்குறது சார்" என்றாள். சாக்கில் இருப்பது ரைஸ், தட்டில் இருப்பது எப்படி ரைஸ் ஆகும் என்பது அவளுடைய நியாயம்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியும். தமிழில் நாம் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் தெரியாது. சமைக்காததற்கும் சமைத்ததற்கும் அங்கே ஒரே பெயர், நெல்லுக்கு மட்டும் தனிப் பெயர். இதைக் கற்றுக் கொடுக்க ஒரு கைப்பிடி நெல்லும், ஒரு கைப்பிடி அரிசியும், மதியச் சத்துணவிலிருந்து ஒரு கரண்டிச் சோறும் போதும். பத்து நிமிடத்து வேலை. ஆனால் 'தெரியவில்லை' என்ற பதிவை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை யாராலும் தயாரிக்க முடியாது. மறுபடியும் அதே படத்தைக் காட்டி 'ரைஸ், ரைஸ், ரைஸ்' என்று பத்துத் தடவை சொல்ல வைப்பார்கள். அவளும் சொல்வாள். அடுத்த மாதம் 'தெரியும்' என்று பதிவாகும். அவள் மனதில் குழப்பம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டிக் கேட்டால் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். காரணம் எளிது. முதல் தடவை அவன் சொன்னபோது அது 'பேன்' என்று வந்துவிட்டது. தலையில் ஊருவது நினைவுக்கு வந்து வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் சொல்லவே இல்லை. ஆனால் "கோ அண்ட் ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்" என்று சொன்னால் எழுந்து போய்ச் சரியான பொத்தானை அணைத்துவிட்டு வருவான். அவனுக்குச் சொல் தெரியுமா, தெரியாதா? படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. இவன் இரண்டிலும் அடங்க மாட்டான்.

உறவுப் பெயர்களில் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். 'பிரதர்' என்றால் அண்ணன் என்று மட்டும் மனதில் பதிந்த பிள்ளை, படத்தில் சின்னப் பையனைப் பார்த்தால் "இல்லை, இது தம்பி" என்று உறுதியாக மறுக்கும். கைக்கும் காலுக்கும் இதே கதைதான். நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை கை. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பெயர். கால் விரலும் கை விரலும் நமக்கு விரல்தான், அவர்களுக்கு அல்ல. இப்படிப் பிள்ளைகள் செய்யும் 'தவறு'களில் பெரும்பகுதி தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வருவது. அதைத் தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால், அந்தப் பிள்ளையின் தமிழ் அறிவையும் சேர்த்தே சுழித்துவிடுகிறோம்.

ஆராய்ச்சிப் படிப்பு படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் வருவது அளவுசார் தரவு. பார்த்தது, கேட்டது, பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே, வரைந்த படம், அம்மாவிடம் விசாரித்தது, ஆசிரியரின் நாட்குறிப்பு, இவையெல்லாம் பண்புசார் தரவு. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பேரனைக் கூர்ந்து கவனிக்கும் பாட்டி தினமும் இதைச் செய்கிறாள். எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

எழுதி வைத்தவர்கள் உண்டு. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின் தம் மூத்த மகன் பிறந்ததிலிருந்து அவனைக் கவனித்து நாட்குறிப்பு எழுதினார். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1877-இல் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு சுவையான செய்தி. குழந்தைக்குச் சரியாக ஒரு வயது ஆனபோது உணவுக்குத் தானாகவே ஒரு சொல் உண்டாக்கிக்கொண்டது. அந்தச் சொல் 'மம்'. நம் வீட்டுக் குழந்தைகளின் 'மம்மு' நினைவுக்கு வருகிறதா? பசித்தால் அழுவதை விட்டுவிட்டு 'மம்' என்று கேட்டதாம். பிறகு சர்க்கரைக்கு 'ஷூ-மம்' என்றும், கறுப்பாக இருக்கும் அதிமதுர மிட்டாய்க்கு 'பிளாக்-ஷூ-மம்' என்றும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் குழந்தைக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று ஒரு படிவம் கேட்டிருந்தால், விடை ஒன்று: 'பிளாக்'. மற்றவை அகராதியில் இல்லை. ஆனால் பெயரோடு அடைமொழி சேர்த்துப் புதுப் பெயர் செய்யும் வித்தையை அந்தச் சின்ன மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அது டார்வினின் குறிப்பில் இருக்கிறது, எண்ணிக்கையில் இருக்காது. பின்னாளில் அமெரிக்காவில் வெர்னர் லியோபோல்ட் என்ற மொழியியல் பேராசிரியர், தம் மகள் ஆங்கிலத்தையும் ஜெர்மன் மொழியையும் ஒரே சமயத்தில் கற்ற விதத்தை இப்படியே எழுதி வைத்தார். 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக அது வெளிவந்தது. இரண்டு மொழி வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அதைத் தொடாமல் போவதில்லை. ஒரே ஒரு குழந்தையைப் பற்றிய குறிப்புகள்தாம்!

நம் மாநிலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலர் ஆங்கில எழுத்தைப் பார்த்ததே மூன்றாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோதான். இன்று ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைவிருக்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை வந்தது. அந்தத் தாழ்ந்த கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளையும் கிறுக்கியதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல பண்புசார் தரவு வேறில்லை. மறுநாள் அழித்துவிடுவார்கள் என்பதுதான் குறை.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பெயர்களே அழகு. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நாடு முழுவதும் 2005 முதல் நடக்கும் 'அசர்' கணக்கெடுப்பிலும் தொண்டர்கள் வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தைச் சோதித்த ஆண்டுகளில், வாசித்த சொல்லுக்குப் பொருள் என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கைக்காகப் போனவர்களும் பிள்ளையின் பக்கத்தில் உட்காராமல் எண்ண முடியவில்லை, பாருங்கள்.

என் வருத்தம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது எங்கே போகிறது? 'ரேஷன் கடையில வாங்குறது சார்' என்ற பதில் எந்தக் கட்டத்தில் ஏறும்? மேலே போகப் போக எல்லாம் சதவீதமாகிவிடுகிறது. கீழே ஆசிரியரிடமும் எதுவும் தங்குவதில்லை. பதிவேற்றுவதிலேயே அவர் நேரம் போய்விடுகிறது. சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சம் வேறு. அந்த அச்சம் இருக்கும் இடத்தில் எந்தக் குறிப்பும் உண்மையாக இருக்காது. நான் பார்த்த ஒரு குறிப்பேட்டில் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே வரி: 'ஆர்வமாகப் பங்கேற்றான்'. பெண் பிள்ளைகளுக்கும் 'பங்கேற்றான்' என்றே இருந்தது. அந்த ஆசிரியர் சோம்பேறி அல்லர், நல்ல ஆசிரியர். யாரோ கேட்டார்கள் என்பதற்காக எழுதியது அது.

உடனே ஒரு கேள்வி வரும். ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள், சில இடங்களில் இரண்டு மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியர். ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தால் பாடம் நடத்துவது எப்போது? நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரையும் தினமும் எழுத வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று பிள்ளை, பிள்ளைக்கு இரண்டு வரி. பத்து வேலை நாளில் முப்பது பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஒரு பருவத்தில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஐந்தாறு குறிப்பு சேரும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

அடுத்த கேள்வி: இதெல்லாம் அவரவர் அபிப்பிராயம்தானே, இதை எப்படி நம்புவது? இதுவும் நியாயமே. அதற்கும் வழி இருக்கிறது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும், பிள்ளை பேசிய பேச்சு அப்படியே. வலது பக்கம் நமக்குத் தோன்றியது. 'மந்தமான பையன்' என்பது இடது பக்கத்தில் வரவே கூடாது. 'மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை, ஆனால் சாக்பீஸை எடுத்து வந்து கொடுத்தான்' என்பது இடது பக்கம். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளையை மறுபடி பார்க்க வேண்டும். முடிந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஒரு முறை பார்க்கட்டும். வகுப்பில் பேசாத பிள்ளை வீட்டில் தம்பிக்கு டீச்சர் விளையாட்டு விளையாடுகிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். மூன்று பக்கமிருந்து ஒரே செய்தி வந்தால் நம்பலாம். பத்திரம் பதியும்போது சாட்சி கேட்பதில்லையா, அதைப்போல.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். பெரியவர் "இது ஆப்பிள்தானே?" என்று கேட்டால் சின்னப் பிள்ளை ஆமாம் என்றுதான் தலையாட்டும். பலாப்பழத்தைக் காட்டிக் கேட்டாலும் ஆட்டும். பெரியவர் மனம் கோணக் கூடாது என்ற நல்ல குணம் அது. அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியே வேண்டாம். வாயால் சொல்லச் சொல்வதற்கு முன் கையால் செய்யச் சொல்லலாம். கதவைத் தொடு, ஜன்னலைக் காட்டு, சிவப்புப் பென்சிலை எடு, எல்லாம் ஆங்கிலத்தில். புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகளில் பலர் ஆரம்பத்தில் பல வாரம் பேசாமலே கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டுப் புரிவது முன்னால் வரும், பேசுவது பின்னால் வரும். அந்த இடைவெளியில் தேர்வு வைத்து ஊமை என்று எழுதிவிடக் கூடாது.

படம் வரையச் சொல்வதும் நல்ல வழி. 'ஐ ஃபார் இக்ளூ' என்று சத்தமாகச் சொல்லும் பிள்ளையிடம், அதை வரை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி மாதிரி ஒன்று வந்தது. என்ன இது என்றால் "தெரியல சார், படத்துல இப்படித்தான் இருக்கும்" என்றது. பனியே பார்க்காத பிள்ளைக்குப் பனிக்கட்டி வீட்டைச் சொல்லிக் கொடுத்து அதை எண்ணிக்கையில் சேர்க்கிறோம். அதே பிள்ளைக்குப் பஸ், சைக்கிள், பக்கெட், சோப்பு, பெல், லைட், ஸ்விட்ச், டிக்கெட் எல்லாம் பள்ளிக்கு வருமுன்பே தெரியும். பஸ்ஸு, பெல்லு என்று ஓர் உகரம் சேர்த்துச் சொல்லும், அவ்வளவுதான். அவை ஆங்கிலச் சொற்கள் என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை, கணக்கிலும் சேர்த்ததில்லை. 'உனக்கு ஏற்கெனவே இத்தனை தெரியும்' என்று முதல் நாளே சொன்னால் அந்த முகத்தில் வரும் தெம்பைப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பற்றி எழுதும் குறிப்பு பிள்ளையினுடையது. இப்போது கைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. பிள்ளை தடுமாறுவதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுச் சிரிக்கிறார்கள். அது கொடுமை. ஒலிப்பதிவு செய்வதானால் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பிள்ளை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். குறிப்பைப் பிறரிடம் காட்டும்போது பெயர் இருக்கக் கூடாது. குறிப்பை வைத்து ஆசிரியரைத் தண்டிக்கவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அதிகாரிகள் ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஒரு மாவட்டத்தில் எந்த வட்டாரம் பின்தங்கியிருக்கிறது, எங்கே ஆசிரியர் போதவில்லை என்பதை அறிய எண்ணிக்கை வேண்டும். சென்னையில் இருப்பவர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் வந்து உட்கார முடியாது. ஆனால் நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு இந்த வகுப்பில், இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்விக்கு எண்ணிக்கையிடம் பதில் இல்லை. மருத்துவர் நாடியும் பார்க்கிறார், எங்கே வலிக்கிறது என்றும் கேட்கிறார். நாடியை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர்கள் இப்போது நாம்தான். அப்பா அம்மாவுக்கு வேலை, ஆசிரியருக்கு நாற்பது பிள்ளை. நமக்கு நேரமும் இருக்கிறது, பொறுமையும் வந்துவிட்டது. உறவினர் முன்னால் ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்துவோம். பழைய டைரி ஒன்றை எடுத்து, நடுவே கோடு கிழித்து, குழந்தை சொன்ன ஆங்கிலச் சொல்லை எந்த இடத்தில், எதைப் பார்த்து, எப்படிச் சொன்னது என்று தேதி போட்டு எழுதுவோம். நமக்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்பதில்லை. காது கேட்டால் போதும், சிலருக்குக் காதொலிக் கருவி போட்டுக்கொண்டு.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, மகனோ மருமகளோ போனால் அந்த டைரியையும் கொடுத்தனுப்புங்கள். "எத்தனை மார்க்" என்று கேட்பதற்கு முன்னால், "இவள் ரைஸ் என்றால் அரிசி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் டீச்சர்" என்று சொல்லச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு கைப்பிடி நெல் கொண்டு போவார்.